பதினைந்து மூட்டை உயர மலையில் கயிறு பிடித்தது யார்?

ஓடைமங்கலம்,
திருக்காட்டுப்பள்ளி வழி.
புதன்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்து, காபிக்கு முன்.

பேரன்பும் பெருமதிப்பும் கொஞ்சம் பயமும் கலந்த துரைராசு மாமாவுக்கு, தங்கள் அக்காள் மகள், பதினோராம் வகுப்பு வானதி எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, அப்பா, மாடு, கன்று, மாவாட்டும் கிரைண்டர் யாவரும் சௌக்கியம். போன லீவில் தாங்கள் கொண்டுவந்த ஆரஞ்சு நிறப் பனி ஜாக்கெட் மட்டும் அவ்வளவு சௌக்கியமில்லை. இடது தோளில் ஒரு கிழிசல். அங்கே தாங்களும், தங்கள் முழங்கால் வலியும், மஸ்கட்டு வெயிலும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆசை. பனியே பெய்யாத ஊரில் வாங்கி, பனியே பெய்யாத ஊருக்கு அந்த ஜாக்கெட்டை எதற்குக் கொண்டுவந்தீர்கள் என்று அறிய அதைவிட ஆசை.

வாட்ஸ்அப் இருக்கிற காலத்தில் இவள் எதற்கு நோட்டைக் கிழித்துக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். மாமா, என் போன் என்னிடம் இல்லை. நோட்ஸ் எழுத வகுப்புத் தோழி ஷிஃபாவிடம் கொடுத்திருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நெல் குடோனில் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உண்மையில் எங்கே இருக்கிறதோ, அந்தப் போனுக்கே வெளிச்சம். ஷிஃபாவின் அத்தா ஜாஃபர் சாதிக் நாளைக்கு மஸ்கட்டுக்குத் திரும்புகிறார் அல்லவா, அவர் பெட்டியில் கருவாட்டுக்கும் முறுக்குக்கும் நடுவில் இந்தக் கடிதம் வருகிறது. வாசனை வந்தால் அது என் எழுத்தின் வாசனை இல்லை. வெள்ளிக்கிழமை அப்பா உங்களுக்குப் போன் போடுவார். போட்டு ஒரு கேள்வி கேட்பார். அதற்கு நீங்கள் சொல்லவேண்டிய பதிலைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். அதற்குள் நடந்ததையெல்லாம் சொல்லிவிடுகிறேன். நடந்தது எனக்கே சரியாகப் புரியவில்லை என்பதால் உங்களுக்கும் புரியாவிட்டால் கவலைப்பட வேண்டாம், நாம் சமம்.

முதல் குற்றவாளி நீங்கள்தான். "பதினொன்றாம் முகடுன்னு ஒரு படம் வந்திருக்கு, உளவாளி கதை, மலையேறுற கதை, அவசியம் பாரு வானு" என்று சொன்னது யார்? நானும் ஷிஃபாவும் தஞ்சாவூர் போய்ப் பார்த்தோம். மாமா, அந்தப் படம் உங்களுக்குப் புரிந்ததா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். ஏழு பேர் மலை ஏறுகிறார்கள். ஏழில் ஒருத்தர் உளவாளி. இதுவரைக்கும் சரி. இருபதாவது நிமிஷம் பனி கொட்ட ஆரம்பித்ததும் ஏழு பேரும் ஒரே நிற ஜாக்கெட், ஒரே கண்ணாடி, ஒரே முகமூடி. அதற்கப்புறம் யார் யாரைச் சுட்டார், யார் பள்ளத்தில் விழுந்தார், விழுந்தவர் எப்படி அடுத்த காட்சியில் டீ குடிக்கிறார், ஒன்றும் தெரியவில்லை. பின் சீட்டில் ஒருத்தர் மனைவிக்கு விளக்கிக்கொண்டே வந்தார். "இவன்தான் அவன்." இடைவேளை முடிந்ததும், "அப்ப அவன் இவன் இல்ல போலருக்கு." அந்த அம்மா, "நீங்க பேசாம பாப்கார்னைத் தின்னுங்க, எனக்கு நல்லாப் புரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு" என்றார். கடைசியில் அந்த உளவுக்காரப் பெண் பனிப்பாறை விளிம்பிலிருந்து வழுக்கித் தொங்குகிறாள். மேலே புயல். யாரோ கயிற்றைப் பிடித்து நிறுத்துகிறார்கள். ஒரு கையுறை மட்டும்தான் தெரிகிறது. அது யார் கை என்று காட்டாமலே 'சுபம்' போட்டுவிட்டார்கள். ஊர் திரும்புகிற பஸ்ஸில் ஷிஃபா, "சமையல்காரன் கைதான்டி அது, மொத்தமா இருந்துச்சு" என்றாள். நான் டாக்டர் என்றேன். டிக்கெட் கிழித்த கண்டக்டர், "வில்லனே பிடிச்சிருப்பான்மா, திருந்தி" என்று ஒரு ஓட்டுப் போட்டார். சண்டை பூதலூர் தாண்டியும் தீரவில்லை. கயிற்றின் மறுமுனையில் இருக்கிறவர் யார் என்று தொங்குகிறவளுக்குத் தெரியுமா தெரியாதா, இதை ஏறிப் பார்த்தே முடிவு செய்வது என்று முடிவானது.

முடிவு செய்துவிட்டோம், மலைக்கு எங்கே போவது? நம் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தோசைக்கல்லாவது நடுவில் கொஞ்சம் குழிந்திருக்கும், நம் ஊர் அதுகூட இல்லை. இங்கே நமக்கு மழைதான் தெரியும், மலை தெரியாது. ஆனால் மாமா, இந்த ஐப்பசியில் நம் ஊருக்கு ஒரு மலை முளைத்திருந்தது. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை மேல் மூட்டையாக அடுக்கிய அட்டி. பதினைந்து மூட்டை உயரம், மேலே தார்ப்பாய் போர்த்தி, சாயங்கால வெயிலில் தூரத்திலிருந்து பார்த்தால் அப்படியே முகடு.

அந்த மலை ஏன் முளைத்தது என்றால், எடைபோட்ட மூட்டைகளைக் குடோனுக்கு ஏற்றிப்போக லாரி வரவில்லை. லாரி வராததால் இடமில்லை. இடமில்லாததால் எடை இல்லை. எடை இல்லாததால் குறுவை அறுத்த பதினெட்டுப் பேருடைய நெல் களத்தில் குவியல் குவியலாகக் கிடந்தது. அதில் ஏழாவது குவியல் அப்பாவுடையது. பதினோரு நாள் மாமா! காலையில் விரித்துக் காயவைப்பது, மேகம் கறுத்தால் குவித்து மூடுவது, மறுபடி விரிப்பது. ஈரப்பதம் பதினேழுக்கு மேல் போனால் வாங்கமாட்டார்கள். ஒரு நல்ல மழை பெய்தால் அடிப்பக்கம் முளைவிட்டுவிடும். அப்புறம் அது நெல்லும் இல்லை, நாற்றும் இல்லை. பட்டியல் எழுத்தர் மதிவாணன் சார் நல்ல மனிதர்தான். கேட்கிறவர்களிடமெல்லாம், "அட்டி நகந்தாத்தானே அடுத்த மூட்டை? நான் என்ன தலையிலயா தூக்கிக்கிட்டுப் போவேன்?" என்று தலையைப் பிடித்துக்கொள்வார். அப்பா வீட்டில் பேசுவதை நிறுத்தி ஒரு வாரம். அப்பா பேசாவிட்டால் வீட்டில் நிசப்தம் என்று நினைக்காதீர்கள். அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அப்பா என்னைக் களத்தில் உட்காரவைத்து, "பாப்பா, நான் போய் ஒரு வாய் சாப்புட்டு வந்துடுறேன். ஆடு வாய் வைக்காம பாத்துக்க. அரைமணிக்கு ஒரு தடவ காலால கிண்டிவிடு" என்று சொல்லிப் போனார். என்னை நம்பி ஒரு குவியல். நானும் ஒரு தடவை கிண்டினேன், சத்தியமாக. அப்புறம்தான் ஷிஃபா சைக்கிளில் வந்தாள். பின்னால் மூட்டை. அதில் உங்கள் ஜாக்கெட் (கிரைண்டர் மேல் மூடியிருந்ததை முந்தின நாளே எடுத்து அவளிடம் கொடுத்திருந்தேன்), அவள் அத்தாவின் ஹெல்மெட், ஒரு வெல்டிங் கண்ணாடி, முகத்துக்குக் குரங்குக் குல்லா, பூச்சிமருந்து அடிக்கிற கையுறை, நீங்கள் கொண்டுவந்த பைனாகுலர், நல்ல கனமான ஒரு தென்னங்கயிறு. நான் கயிறு திரிக்கிறேன் என்று நினைக்காதீர்கள், அது பேராவூரணியில் ஏற்கெனவே திரித்த கயிறு.

ஏற்பாடு இதுதான். கயிற்றை அட்டிக்கு மேலாக வீசிவிட்டோம். ஒரு முனை என் இடுப்பில். மறுமுனையை அந்தப் பக்கம் மறைவில் ஷிஃபா பிடித்துக்கொள்வாள். என் போனை ரப்பர் பேண்டு போட்டு ஹெல்மெட்டில் கட்டி, வீடியோவை ஓடவிட்டாயிற்று. சுமைதூக்குகிறவர்களின் மேஸ்திரி அல்லா பிச்சை ஐயா டீ குடிக்கப் போன சமயம். யாருடைய குவியலுக்கோ தூற்றுகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, பதரும் தூசியும் பறந்து என் மேல் கொட்டியது. மாமா, அசல் பனிப்புயல். படத்தில் இல்லாத ஒன்றே ஒன்று, நெல் தூசி பட்டால் அரிக்கிற சுனை. அந்த ஏழு பேரில் ஒருத்தராவது சொறிந்தாரா? இல்லை. நான் ஏறினேன், சொறிந்தேன், ஏறினேன். உச்சிக்குப் போய் நின்று பைனாகுலரைத் திருப்பினேன். மேற்கே ஆற்றங்கரை மூங்கில் தெரிந்தது. கீழே பதினெட்டுக் குவியல். படத்தில் அந்தப் பெண் எதிரி முகாமை எண்ணுவாளே, அதேபோல் விரல் நீட்டி ஒவ்வொரு குவியலாக எண்ணி, கையுறைக்குள் ஏதோ கருவி இருப்பதுபோல வாயருகே கொண்டுபோய்த் தகவல் சொன்னேன். இதுதான் தப்பாகிவிட்டது.

ஏனென்றால் மாமா, மழை ஈரம் பட்ட வருஷங்களில் நம் பக்கம் எல்லாரும் யாருக்காகக் காத்திருப்போம்? நெல்லின் ஈரப்பதத்தைச் சோதிக்க டெல்லியிலிருந்து வருகிற குழுவுக்காக. சட்டைக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு நிறைய பாக்கெட், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, எங்கிருந்தோ வந்து எங்கேயோ பார்த்து எதையோ எண்ணி எழுதிக்கொண்டு போவார்கள். வந்தவுடன் ஓடிப்போய், முளைத்த நெல்லைக் கையில் ஏந்திக் காட்ட வேண்டும். இது சொல்லித்தந்து வருவதில்லை, ஓடைமங்கலத்தில் பிறந்தாலே வந்துவிடும். பூவம்மாள் பெரியம்மா தன் குவியலை மூடிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்தார். அட்டி மேல் ஓர் உருவம். எட்டுப் பாக்கெட்டு. விரல் நீட்டி எண்ணுகிறது.

"அடியே! டீமு வந்துருச்சுடி! சொல்லாம கொள்ளாம வந்து அட்டி மேலயே ஏறிருச்சு!"

அவ்வளவுதான். பதினெட்டுக் குடும்பமும் கைநிறைய ஈர நெல்லை அள்ளிக்கொண்டு ஓடிவந்தது. நான் அவசரமாக இறங்கப் பார்த்து, ஆறாவது அடுக்கில் கால் வைக்க இடம் தெரியாமல் நின்றுவிட்டேன். குல்லாவைக் கழற்றிச் சிரித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்போது பார்த்தால் கூட்டத்துக்குப் பின்னால், கை கழுவிய ஈரம் காயாமல், துண்டால் துடைத்துக்கொண்டே அப்பா வருகிறார். எங்கள் குவியல் மேல் பூவம்மாள் பெரியம்மாவின் ஆடு நின்று அமைதியாகத் தின்றுகொண்டிருக்கிறது. இப்போது நான் யாராக இருப்பது நல்லது என்று நீங்களே சொல்லுங்கள், வானதியாகவா, டெல்லியாகவா?

டெல்லியானேன்.

ஷிஃபா நிலைமையைப் பார்த்துவிட்டுக் கயிற்றை அந்தப் பக்கமே போட்டுவிட்டு ஓடிவந்து என் காலடியில் நின்றாள். "ஐயாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனா எல்லாம் புரியும்."

"தமிழ் தெரியாம எப்படிம்மா புரியும்?" என்றார் பூவம்மாள் பெரியம்மா.

"அனுபவம் பெரியம்மா."

"அது சரி, அவுரு பாஷை உனக்கு எப்படித் தெரியும்?"

"இஸ்கூல்ல சொல்லித்தராங்க" என்றாள் கொஞ்சமும் கூசாமல். எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவது எங்களுக்கே புரிவதில்லை, அது வேறு விஷயம்.

நெல் தள்ளுகிற பலகையின் நுனியில் ஒரு கை நெல்லை வைத்து என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்கள். நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலே, குல்லாவைக் கொஞ்சம் தூக்கி, ஒரு நெல்லை வாயில் போட்டுக் கடித்தேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தானே, நெல்லைப் பார்த்தால் கடிக்க வேண்டும். 'டக்' என்றால் காய்ந்தது, மெத்தென்று நசுங்கினால் ஈரம். நசுங்கியது. தலையை இடம் வலமாக ஆட்டினேன். ஹெல்மெட் பெரிதாக இருந்ததால் என் தலைதான் உள்ளே ஆடியது, ஹெல்மெட் அப்படியே நின்றது. கூட்டம் அதை மிகுந்த யோசனை என்று எடுத்துக்கொண்டது. "டெல்லிக்காரரு நம்மளாட்டமே கடிச்சுப் பாக்குறாருய்யா!" என்று ஒரு குரல். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் எனக்கு முதல் தடவையாக உறைத்தது. இவர்கள் விளையாடவில்லை. நான்தான் விளையாடுகிறேன்.

அப்புறம் அப்பா முன்னால் வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து, என் அப்பா என்னைப் பார்த்து மாமா, கை கூப்பி "ஐயா" என்றார். "நான் வைத்தியலிங்கம். அந்த ஏழாவது குமிச்சல் என்னுது. பதினோரு நாளாச்சு. நாங்க யாரையும் குத்தம் சொல்லல. லாரி வரணும், அட்டி நகரணும், அவ்வளவுதான் கேக்குறோம். இன்னைக்கு மழை இருக்குங்கறான். இந்த நெல்லு நனைஞ்சா எனக்கு அடுத்த வெதை கிடையாது. எனக்கு ஒரு பொண்ணு இருக்கு, பதினொண்ணு படிக்குது. சேட்டை ஜாஸ்தி. ஆனா கெட்டிக்காரி. எங்கயாச்சும் உசரத்துக்குப் போவும்னு எனக்கு ஒரு நெனப்பு. அத அதுகிட்ட நேர்ல சொன்னதில்ல. ஐயாகிட்ட சொல்றேன்."

மாமா, வெல்டிங் கண்ணாடிக்குள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆவி படிந்துவிட்டது. ஈரப்பதம் இருபத்திரண்டுக்குக் குறையாது. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று தொண்டையைச் செருமினேன். ஷிஃபா, "ஐயா, ஆவட்டும்ங்கறாரு" என்று மொழிபெயர்த்தாள். செருமலை இவ்வளவு சரியாக மொழிபெயர்த்தவர் உலகத்திலேயே அவள் ஒருத்திதான்.

"ஐயாவுக்கு ஒரு எளநி வெட்டிக்கிட்டு வந்துடுறேன்" என்று அப்பா அட்டியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அப்பா தலை மறைந்ததும் தப்பித்தோம் என்று நினைத்தேன். கூட்டம் விடவில்லை. "மேல ஏறி அந்தாண்ட இருக்குற குமிச்சலையும் பாத்துடுங்கய்யா, ஓரவஞ்சனை கூடாது" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். டெல்லி ஓரவஞ்சனை செய்யலாமா? மறுபடி ஏறினேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பதிமூன்றாவது அடுக்கில் தார்ப்பாயில் நேற்றுத் தேங்கிய தண்ணீர் இருந்தது. கால் வழுக்கியது. ஹெல்மெட்டில் இருந்த போன் தெறித்து மூட்டைகளுக்கு நடுவில் 'சொளக்' என்று உள்ளே போனது. ஜாக்கெட் ஏதோ கொக்கியில் மாட்டித் 'தர்' என்றது. வானம், தார்ப்பாய், பூவம்மாள் பெரியம்மாவின் திறந்த வாய், மூன்றும் தலைகீழாகத் தெரிந்தன. சரி, முடிந்தது என்று கண்ணை மூடினேன்.

கயிறு இறுகியது.

மாமா, இடுப்பு அறுந்துவிடுகிற மாதிரி இறுகி நின்றது. பிறகு மெல்ல, கிணற்றில் குடம் இறக்குகிற மாதிரி, ஒரு முழம் ஒரு முழமாக என்னைத் தரையில் இறக்கிவிட்டது. ஊரே கைதட்டியது. "டெல்லி டிரெயினிங்னா டெல்லி டிரெயினிங்தான்!" நான் ஷிஃபாவைத் தேடினேன், நன்றி சொல்ல. அவள் எனக்கு நேர் எதிரே, கூட்டத்தோடு கூட்டமாக, இரண்டு கையும் வாயில் பொத்தி நிற்கிறாள். இரண்டு கையும் மாமா! அப்படியென்றால் கயிறு யார் கையில்?

எட்டிப் பார்க்க நேரமில்லை. "ஐயாவுக்கு அடுத்த ஊரு இருக்கு" என்று சொல்லி, ஷிஃபா என்னை அரசாங்கம் கொடுத்த சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து மிதித்தாள். டெல்லிக் குழு கேரியரில் போவதைப் பார்த்து, "பாவம், ரொம்ப எளிமையான ஆளு" என்று பூவம்மாள் பெரியம்மா சொன்னது காற்றில் கேட்டது. வாய்க்கால் மதகுப் பக்கம் போய் எல்லாவற்றையும் கழற்றி, முகம் கழுவி, அரைமணி நேரத்தில் மறுபடி எங்கள் குவியல் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மிகவும் ஒழுங்காக ஆடு ஓட்டினேன். அப்பா வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆடு வந்துச்சா?" என்றார். "வரல" என்றேன். "ம்" என்றார்.

இதற்கப்புறம் நடந்ததுதான் படத்தைவிடக் குழப்பம். மதிவாணன் சார் பயந்துபோய் மேலே போன் போட்டிருக்கிறார். "சார், டீம் வந்து அட்டி மேலயே ஏறிட்டாங்க." எந்த டீம் என்று கேட்டிருக்கிறார்கள். "ஆரஞ்சு கலர் சார்" என்றிருக்கிறார். ஆரஞ்சு கலர் டீம் எது என்று தெரியாது என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் தைரியமில்லை போலிருக்கிறது. அவர்கள் இன்னும் மேலே கேட்க, அவர்கள் அதற்கும் மேலே கேட்க, ஆக மொத்தம் மத்தியானம் இரண்டு மணிக்கு நாலு லாரி வந்து நின்றது. அல்லா பிச்சை ஐயாவின் ஆட்கள் பம்பரமாகச் சுழன்று அட்டியைக் கலைத்தார்கள். மூன்றரைக்கு எடை ஆரம்பம். ஏழாவது குவியல் அப்பாவுடையது. பதினாறு புள்ளி எட்டு, மாமா! மயிரிழையில்! கடைசி மூட்டையைத் தைத்து உள்ளே தள்ளவும் முதல் சொட்டு விழவும் சரியாக இருந்தது. அப்புறம் கொட்டியது பாருங்கள், களத்தில் முழங்கால் தண்ணீர். நெல் எல்லாம் உள்ளே. பதினெட்டுக் குவியலும். அப்பா மழையில் நனைந்துகொண்டே நின்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தார். என்னப்பா என்றேன். "சாக்கு தைக்கிற ஊசி கிழிச்சிருச்சு" என்றார். ஒரே ஊசி இரண்டு கையையும் எப்படிக் கிழிக்கும் என்று எனக்குப் புரியவில்லை. எனக்குப் புரியாத பட்டியலில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

பட்டியல் பெரிது மாமா. கயிறு யார் பிடித்தது? ஷிஃபா, "உனக்கு வெயிட்டு கம்மிடி, எங்கயாச்சும் சிக்கிக்கிட்டு இருந்திருக்கும்" என்கிறாள். சிக்கிய கயிறு முழம் முழமாக இறக்குமா? போன் எங்கே? ஷிஃபா போனிலிருந்து நாலு நாளாகக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். ரிங் போகிறது, யாரும் எடுப்பதில்லை. நாலு நாளாகச் சார்ஜ் எப்படி நிற்கிறது? குடோனில் எந்த எலி சார்ஜ் போடுகிறது? அப்பா வெட்டப் போன எளநி எங்கே? இதுவரை வரவில்லை. அம்மா வேறு, "கெரண்டர் மேல கெடந்த கோட்டு பாக்கெட்டுல நெல்லு எப்படிடி வந்துச்சு?" என்கிறாள். மாவாட்டத் தெரிந்த கோட்டுக்கு நெல் குத்தத் தெரியாதா என்று கேட்டேன், கரண்டி பறந்து வந்தது. அப்பா உழவாளி, நான் உளவாளி. எழுத்தில்தான் வித்தியாசம், நம் ஊர் வாயில் அதுவும் கிடையாது. இருந்தும் எங்கள் இருவரில் யாருக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது விஷயம். பூவம்மாள் பெரியம்மாவின் மகன் போனில் டெல்லிக்காரரை ஒரு போட்டோ எடுத்துவிட்டான். அது அப்பா கையில் இருக்கிறது. நேற்று அதைப் பெரிதாக்கி ஜாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது மாதிரி ஒண்ணு எங்கயோ பாத்திருக்கேன். வெள்ளிக்கெழம ஒங்க மாமனைத்தான் கேக்கணும்" என்றார். மாமா, தங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன். அவர் கேட்டால், "டெல்லியில் எல்லா ஆபீசருக்கும் அந்த ஜாக்கெட்தான், மொத்தமா வாங்குவாங்க" என்று ஒரே ஒரு பொய் சொல்லிவிடுங்கள். விளையாட்டுக்கு என்று தெரிந்தால் அப்பா அடிக்கமாட்டார், அதுதான் பயம். டெல்லியிடம் சொன்னதை என்னிடம் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தால் வெட்கப்பட்டு இன்னொரு பதினாறு வருஷம் பேசமாட்டார். ஊரெல்லாம் ஒரு பெரிய மனிதர் வந்து கேட்டார் என்று நம்பிக்கொண்டிருக்கிறது, அதையும் கெடுக்க எனக்கு மனசில்லை. அப்பா சொன்ன அந்த வார்த்தையை நான் கேட்டதாக இருக்கவேண்டாம். ஆனால் கேட்டேன் என்று உங்களிடம் மட்டும் சொல்லிவைக்கிறேன், யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருக்கிறது.

முழங்காலுக்குத் தைலம் தடவவும். வெயிலில் அலையவேண்டாம். அம்மா அன்பைச் சொல்லச் சொன்னாள், கூடவே ஒரு மிக்ஸியும் கேட்கச் சொன்னாள். தாங்கள் பெரியவர் என்பதால் வழக்கப்படி வணங்கி ஆசி கேட்கிறேன். இந்த வாரம் மட்டும் ஆசிக்குப் பதில் பொய் போதும்.

என்றும் தங்கள் அன்புள்ள,
வா. (உளவாளிகள் முழுப் பெயர் எழுதுவதில்லை)

பின்குறிப்பு: கடிதத்தை ஷிஃபாவிடம் கொடுக்கக் கிளம்பினேன். "நான் சாதிக் பாயை வழியனுப்பத்தான் போறேன், குடு, குடுத்துடுறேன்" என்கிறார் அப்பா. மறுத்தால் சந்தேகம் வரும். சோற்றுப் பருக்கை வைத்து அழுத்தி ஒட்டிவிட்டேன். அப்பா அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற ஆள் இல்லை.

மாப்ள துரைராசுக்கு, வைத்தியலிங்கம் எழுதுவது. பருக்கை காய்வதற்குள் பிரிந்துவிட்டது. ஈரப்பதம் அதிகம். நாலு வரி நானும் எழுதி, நல்ல பசையாகப் பார்த்து ஒட்டி அனுப்புகிறேன்.

ஆரஞ்சுச் சட்டையின் முதுகில் நம் வீட்டு இட்லிமாவுக் கறை உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது. டெல்லியில் இட்லி போடுகிறார்களா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு நெல்லை இடது கடைவாயில் தள்ளிக் கடித்ததைப் பார்த்தேன். உன் அக்காள் அப்படித்தான் கடிப்பாள். அதற்கப்புறம் நான் பேசியதெல்லாம் ஆளைத் தெரிந்தே பேசியதுதான். சத்தம்போட்டுப் பேசியது மதிவாணன் சார் காதில் விழட்டும் என்று. கடைசி இரண்டு வரி அவள் காதில் விழட்டும் என்று. எளநி வெட்டப் போகவில்லை, கயிற்றை ஷிஃபா அனாதையாகப் போட்டுவிட்டு வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். நம் வானதி பார்க்கத்தான் ஒல்லி, நல்ல கனம். கைத்தோல் உரிந்துவிட்டது, ஆறிவருகிறது.

போன் அல்லா பிச்சை கையில் கிடைத்து என்னிடம் வந்துவிட்டது. சத்தத்தை அணைத்துச் சார்ஜ் போட்டு இடுப்பில் வைத்திருக்கிறேன். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் குடோனில் அகப்பட்டது என்று கொடுப்பேன். வீடியோவை நாலு தடவை பார்த்தேன். நன்றாக ஏறியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை நான் கேட்பேன். அவள் சொன்ன பொய்யை அப்படியே சொல்லவும், அவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். சட்டைக் கிழிசலைத் தைத்துக் கிரைண்டர் மேலேயே போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். தையில் சம்பா அறுப்பு இருக்கிறது.

அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் பனியில் தொங்குகிற அந்தப் பெண்ணுக்கு அப்பா என்று யாராவது வருகிறாரா, இன்னொரு தடவை பார்த்துச் சொல்லு. வந்தால் கயிறு அவர் கையில்தான்.